இரண்டு ஜோடிச் செருப்புகள்

நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தால் நான் ஜன்னலோரம் போய்விடுவேன். தப்பாக நினைக்காதீர்கள். குமட்டிக்கொண்டு வருகிறது. காலையிலிருந்து சாணி, குதிரை மூத்திரம், பொரித்த எண்ணெய், இந்த மூன்றையும்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். நன்றி. நீங்கள் ஈரோடு வரைக்குமா? நான் சித்தோட்டில் இறங்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், நீங்கள் உட்கார்ந்திருந்த இடம் நான் துண்டு போட்டுப் பிடித்து வைத்தது. என் மனைவிக்காக. அதோ, முன்வாசலுக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் பச்சைச் சேலை தெரிகிறதா, அவள்தான். துளசிமணி. ஐம்பத்தொரு வயது. ஏறினாள், துண்டை எடுத்தாள், மடித்து என் கையில் கொடுத்தாள், போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருக்கிறவள்தான் தங்கை. சம்பூரணம். பவானியில் இருக்கிறாள். தலையில் என்ன பாருங்கள். ஆடி மாதத்து வெயிலில் வாங்கின காகிதத் தொப்பி. நாற்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை, புருஷனை இழந்தவள், காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். சிரிக்கிறாள் பாருங்கள். பின்சீட்டு வரைக்கும் கேட்கிறது.

நீங்களும் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குத்தானே வந்தீர்கள்? குதிரை பார்க்க வந்தீர்களா, சரி. அது ஒரு காரணம். நான் எதற்கு வந்தேன் என்று கேளுங்கள். இவர்கள் இரண்டு பேரையும் தனியாக விடக்கூடாது என்று வந்தேன்.

பதினோரு வருஷம் இவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச்சென்ன, முகம் பார்த்ததில்லை. இவர்களுக்கு ஒரே தம்பி, தங்கவேல். அவன் கல்யாணத்தில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பேழைமூடி என்கிற கூடையைச் சுமந்து வந்து அவன் பக்கத்தில் நின்று வாங்குகிற மரியாதை. கூடப்பிறந்தவள் ஒருத்தி என்றால் சிக்கல் இல்லை. இங்கே இரண்டு பேர். யார் நிற்பது? துளசிமணி என்னைக் கூப்பிட்டாள். “ஏனுங், பவானி போயி தங்கச்சியவே நிக்கச் சொல்லுங்க. அவ ஆசப்படுவா. எனக்கு முட்டி வலிக்குது” என்றாள்.

இதை அப்படியே போய்ச் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்கள். மூத்தவள் இருக்க இளையவள் நின்றால் சபையில் என்ன பேசுவார்கள்? மூத்த மாப்பிள்ளை என்று நான் ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் திருப்பினேன். பவானியில் போய், “அக்கா தானே நிக்கோணும்ங்கறா அம்மிணி” என்றேன். சம்பூரணம் முகம் ஒரு நிமிஷம் வாடியது. பிறகு “நிக்கட்டுமுங் மச்சான், அக்காதானே” என்றாள். வீட்டுக்கு வந்து துளசிமணியிடம், “அவளுக்கு வேண்டாமாம். கூடையத் தூக்கிட்டு நிக்கறது கேவலமா இருக்குதாம்” என்றேன். இரண்டு பக்கமும் சமாதானமாகப் போய்விடும் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று மேடைக்குப் பக்கத்தில் சம்பூரணம் ஆசையாய்க் கிட்டே வர, இவள் வெடுக்கென்று, “கேவலம்னு சொன்னவளுக்கு இங்க என்னடி சோலி?” என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அங்கே தொடங்கியது. நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் விலக்கிவிட்டேன். நான் இல்லாவிட்டால் அடிதடியே நடந்திருக்கும்.

அன்றையிலிருந்து பதினோரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் நான்தான் வழி. அங்கே காதுகுத்து என்றால் நான் சொல்ல வேண்டும். இங்கே காய்ச்சல் என்றால் நான் சொல்ல வேண்டும். வாரம் ஒரு தடவை பவானி போவேன். போனதும் இலை போட்டு நாட்டுக்கோழி வைப்பாள் சம்பூரணம். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, “அக்கா எப்பிடி இருக்குதுங் மச்சான்?” என்று கேட்பாள். திரும்பி வீட்டுக்கு வந்தால் இவள் வாசலிலேயே சொம்புத் தண்ணீரோடு நிற்பாள். “என்ன சொன்னா?” நான் கால் கழுவி, முகம் துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மனிதனுக்கு அது எவ்வளவு பாரம் தெரியுமா? நான் என்ன சொல்கிறேனோ அதுதான் ஒருத்திக்கு மற்றொருத்தி. நான் எத்தனை ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருந்தது!

போனில் பேசியிருக்கலாமே என்கிறீர்கள். பேசியிருக்கலாம். “நீயாக் கூப்புடாத, அவ இன்னும் ஆத்திரத்துல இருக்கறா” என்று இரண்டு பேருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் நல்லதுக்காகத்தான்.

கெடுத்தது அந்த டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று விட்டார்களே, அது. அதுவரை என்னோடு மட்டுமே வெளியே போய்க்கொண்டிருந்தவள், தானாக ஏறிப் போகப் பழகிவிட்டாள். சித்திரை மாதம் ஒருநாள் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறாள். டிரைவர் பிரேக் போட்டதும் முட்டி மடங்கிச் சாயப் பார்த்தவளை ஒரு கை பிடித்தது. யார் கை? சம்பூரணம் கை. “இன்னுமா அக்கா முட்டி வலிக்குது?” என்று கேட்டாளாம். அவ்வளவுதான், இவள் பஸ்ஸிலேயே அழுதுவிட்டாளாம். பதினோரு வருஷத்தை ஒரு முட்டி முடித்துவிட்டது. ஒரு மாதம் எனக்குத் தெரியாது. சமையலறையில் எங்கள் வீட்டில் இல்லாத டப்பாவில் நாரத்தங்காய் ஊறுகாய் இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இணைச்சீர் விஷயத்தை அப்போதே பேசித் தீர்த்திருக்கிறார்கள். என்னிடம் வந்து கேட்டார்கள். நான் “அப்பிடியா சொன்னேன்?” என்றேன். “மச்சானுக்கு அப்பவே காது மந்தமக்கா” என்றாள் சம்பூரணம். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது போகட்டும். அது சின்ன விஷயம்.

இன்னொன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்த மூன்று மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என் பெயர் தெரியாது, எனக்கு உங்கள் பெயர் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சம்பூரணம் புருஷன் பொன்னுசாமி போய்விட்டான். வயலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. நல்ல மனிதன். பிணம் எடுக்கிற அன்றைக்குத் துளசிமணி வந்தாள். தங்கை முகத்தைப் பார்க்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். மறுநாள் வீட்டில் பெட்டியைக் கட்டிவிட்டாள். “நான் போயி பதினாறு நாளும் இருக்கப் போறேன். அவகிட்டக் கேட்டுட்டு வாங்க, உள்ள விடுவாளான்னு” என்றாள். நான் போனேன். சம்பூரணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, “அக்கா வருமாங் மச்சான்?” என்றாள்.

நான் என்ன செய்ய? துக்க வீடு. பதினாறு நாள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக் கட்டிக்கொண்டு அழுதால் பழைய பேச்சு கிளம்பாதா? அவன் காரியம் நடக்கிற இடத்தில் இணைச்சீரும் பேழைமூடியும் எதற்கு? அதுவும் தவிர, என் வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? மகன் ஓசூரில். ஆகவே சொன்னேன். சம்பூரணத்திடம், “அக்காவுக்கு வர மனசில்ல அம்மிணி, கட்டாயப்படுத்தாத” என்றேன். வீட்டுக்குப் போய்த் துளசிமணியிடம், “ஆரும் வர வேண்டாமாம். உன்னையப் பாத்தா அவளுக்கு ஆத்திரந்தான் வருதாம்” என்றேன். துளசிமணி கட்டின பெட்டியை அப்படியே ஒரு மாதம் வைத்திருந்தாள். பிரிக்கவே இல்லை. அப்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என்னைக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் குளிக்கும்போது என்னை நானே கேட்பேன். நீ செய்தது சரியா? பதில் வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும்.

இந்த மூன்று மாதத்தில் அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சாவைப் பற்றி முதலில் யார் எடுப்பது என்று இருந்திருப்பார்கள். இரண்டு பேரும் தனியாக ஒரு முழுப் பகல் இருந்தால் அது வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே குதிரைச் சந்தைக்குப் போகிறோம் என்றதும் நானும் கிளம்பினேன்.

“நீங்க எதுக்குங் வெயில்ல?” என்றாள் இவள்.

“ரெண்டு பொம்பளைங்க தனியாவா கூட்டத்துல போவீங்க?”

“மச்சான் வரட்டுமக்கா” என்றாள் சம்பூரணம். “பை தூக்க ஆள் வேணுமல்லோ.”

சொல்கிறேன் கேளுங்கள். அப்படி ஒரு அசிங்கத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. குதிரைகளைச் சொல்லவில்லை. குதிரை பாவம், மிருகம். இவர்களைச் சொல்கிறேன். இறங்கினதும் மிளகாய்ப்பொடி தூவின பெரிய அப்பளம். நடுரோட்டில் நின்று தின்கிறார்கள். பக்கத்தில் சாணிக் குவியல், அதன் மேல் உட்கார்ந்த ஈ இந்த அப்பளத்தின் மேல் வந்து உட்காருகிறது, ஊதிவிட்டுத் தின்கிறார்கள். ஒருத்தி கடித்ததை மற்றவள் கடிக்கிறாள். விரலை நக்குகிறாள். பிறகு கரும்புச்சாறு. ஒரே டம்ளர். இவள் பாதி குடித்து உதட்டைத் துடைக்காமல் நீட்டுகிறாள், அவள் மீதியை வாய் வைத்துக் குடிக்கிறாள். எச்சில்! இருபத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், நான் குடித்த டம்ளரைக் கழுவாமல் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. சுத்தக்காரி என்று பெருமைப்பட்டிருந்தேன்.

பஞ்சுமிட்டாய் இவள் கன்னத்தில் ஒட்டியது. சம்பூரணம் அதை எடுத்து அப்படியே தன் வாயில் போட்டுக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு மார்வாரிக் குதிரைக்காரன் குதிரையை ஆட விட்டான். மேளத்துக்குத் தக்க முன்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. சம்பூரணம் அவனிடம், “ஏனுங்ணா, இது சொன்ன பேச்சுக் கேக்குமா?” என்றாள். “எல்லாங் கேக்குமுங்க.” “அப்ப எங்க மச்சானக் கொஞ்சம் பழக்கிக் குடுங்க” என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் மனைவி வாயில் சேலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவளுக்குத் தோள் குலுங்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் விடவில்லை. வளையல் கடையில் நடுவில் நின்றேன். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டபோது நடுவில் நின்றேன். பேச்சு பவானிப் பக்கம், பொன்னுசாமி பக்கம் திரும்பினால் உடனே குதிரை விலை, மழை, மகன் என்று ஏதாவது எடுத்துவிட்டேன். “மச்சானுக்கு இன்னிக்கு வாய் ஓய மாட்டேங்குது” என்றாள் சம்பூரணம்.

பிறகு அந்த ராட்டினம். ராட்சத ராட்டினம். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

“உனக்கு முட்டி வலி. தலை சுத்தும். வேண்டாம்” என்றேன்.

“உக்காந்துட்டுத்தானே சுத்துறோம்” என்றாள்.

“அப்ப நானும் வர்றேன்.”

“ஒரு தொட்டில்ல ரெண்டு பேருதானுங் மச்சான்” என்றாள் சம்பூரணம். “நீங்க அந்த வேப்ப மரத்தடில நில்லுங்க. எங்கயும் போயிராதீங்க. காணாமப் போனா மைக்குல கூப்புடச் சொல்லோணும். ‘வெள்ளை வேட்டி, மூஞ்சி இப்பிடி இருக்கும்’னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?” என் முகம் மாதிரியே முகத்தை வைத்துக் காட்டினாள். துளசிமணி அதற்கும் சிரித்தாள். செருப்பு விழுந்துவிடும் என்று கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு ஜோடி. ஒவ்வொன்றிலும் அந்தச் சந்தையின் சாணி முழுக்க ஒட்டியிருந்தது.

முதலில் இரண்டு மூன்று சுற்று கூச்சல். பெண்கள் போடுகிற கூச்சலா அது? “அக்கோய்! அக்கோய்!” என்று கத்துகிறாள் அவள். இவள் கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரெல்லாம் சொல்கிறாள். வெட்கத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆள் இறக்கி ஏற்றுவதற்காக நிறுத்தினார்கள். கீழே ஒரு தொட்டில் நிற்கும்போது உச்சியில் ஒரு தொட்டில் நிற்கும் அல்லவா? உச்சியில் நின்றது இவர்கள் தொட்டில். கூச்சல் நின்றுவிட்டது.

அண்ணாந்து பார்த்தேன். வெயில் கண்ணில் குத்தியது. இரண்டு தலைகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. சம்பூரணம் தெற்கே கையைக் காட்டினாள். என்ன தெரியும் அங்கிருந்து? அவர்கள் வயல் பக்கமாக இருக்கலாம். பொன்னுசாமி விழுந்த வயல். கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. பிறகு துளசிமணி என்னவோ கேட்டாள். சம்பூரணம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும், ஒரே நேரத்தில், கீழே பார்த்தார்கள். என்னை.

அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியாது. எனக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. அவர்களுக்கு என் முகம் தெரிந்திருக்காது. நான் இரண்டு கையிலும் செருப்பை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு நாற்றம் வந்தது. செருப்பிலிருந்துதான் வருகிறதென்று தூர வைத்துவிட்டு மறுபடி மூச்சு இழுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. வேட்டியை முகர்ந்தேன். கையை முகர்ந்தேன். எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இறங்கி வந்தார்கள். துளசிமணியின் கண் மை கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தயாராகத்தான் இருந்தேன். காது மந்தம் என்று சொல்லலாம், மறந்துவிட்டது என்று சொல்லலாம், உங்கள் நல்லதுக்கு என்று சொல்லலாம், மூன்று பதில் வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சம்பூரணம் செருப்பை எடுத்து அக்காள் காலடியில் வைத்தாள். குனிந்து, முட்டி மடக்க முடியாதே என்று, வாரைத் தானே மாட்டிவிட்டாள். இவள் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செத்தவனைப் பற்றிப் பேசி அழுதுவிட்டு வந்தவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போவார்கள். மனுஷ ஜென்மம் அப்படித்தான் செய்யும். இவர்கள் பொரித்த காலிஃபிளவர் வாங்கித் தின்றார்கள். மறுபடி குதிரை பார்த்தார்கள். குதிரையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காகிதத் தொப்பி வாங்கினார்கள். காலையில் சிரித்ததைவிட அதிகம் சிரித்தார்கள். எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மூன்று மணி நேரம் பின்னால் நடந்தேன். நான் நின்றால் அவர்களுக்குத் தெரியவில்லை. நடந்தாலும் தெரியவில்லை. வெட்கம்கெட்ட ஜென்மங்கள்.

சேர்ந்து இருக்கட்டும், எனக்கு என்ன நஷ்டம்? இதை நான் என்னையே கேட்டுக்கொண்டுதான் நடந்தேன். அக்காளும் தங்கையும் சேருவது நல்ல விஷயம். ஊரில் நாலு பேர் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். நான் மட்டும் ஏன் குமட்டக் குமட்ட நடக்கிறேன்? ஒருவேளை பதினோரு வருஷமும் எனக்கு... இல்லை. கரும்புச்சாறுதான். அந்த எச்சில் டம்ளரைப் பார்த்ததிலிருந்துதான் இப்படி இருக்கிறது.

அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றும் நிச்சயமில்லை, பாருங்கள். தெரிந்திருந்தால் கேட்காமல் இருப்பார்களா? ஒரு பெண்பிள்ளை கேட்காமல் இருப்பாளா? வீட்டுக்குப் போனதும் கேட்பாள். கேட்டால் சொல்லிக்கொள்வேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே.

பவானி வந்துவிட்டது. சம்பூரணம் இறங்க வேண்டிய இடம். அப்பாடா. இவளும் எழுந்திருக்கிறாள். வழியனுப்பத்தான். பையை எதற்கு எடுக்கிறாள்? முன்வாசல் அங்கே இருக்க ஏன் பின்னால் வருகிறாள்? நீங்கள் கொஞ்சம் நகருங்கள், என்னிடம்தான் என்னவோ சொல்ல வருகிறாள்...

என்ன? என்ன சொன்னாள் உங்களிடம்? பின்னால் அந்த லாரிக்காரன் ஆரனை விடாமல் அடித்ததில் எனக்கு ஒன்றும் விழவில்லை. நான் இங்கே ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் காதில் வந்து சொல்கிறாள். என் பக்கம் திரும்பவே இல்லை, பார்த்தீர்களா? அதோ இறங்கிவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர்! இல்லை, வேண்டாம். வேண்டாம். போகட்டும். சொல்லுங்கள், என்ன சொன்னாள்?

“அண்ணா, அவருகிட்டச் சொல்லிருங்க.” சரி.

“நான் தங்கச்சி ஊட்டுல இருக்கறேன். இனி வர மாட்டேன். அவரு அங்க வர வேண்டாம்.” இப்படியேவா? இதே வார்த்தையா? அழுதுகொண்டு சொன்னாளா? இல்லையா? கோபமாகவா? அதுவும் இல்லையா? சாதாரணமாகவா?

“நான் சொன்னத அப்பிடியே சொல்லுங்க, ஒரு வார்த்தை கூட்டாதீங்க, கொறைக்காதீங்க.” அதையும் சொன்னாளா?

சொன்னாள் என்றால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுவதா? நீங்கள் யாரோ. உங்களுக்கு என்ன வந்தது? உங்களுக்கும் குடும்பம் இருக்கும். ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து, இப்படி மொட்டையாகவா சொல்வது?

இன்னும் கொஞ்ச தூரத்தில் சித்தோடு வந்துவிடும். நான் இறங்கிப் போய் அந்த வீட்டைத் திறக்க வேண்டும். எனக்காக ஒன்று செய்யுங்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள். இந்தத் தடவை கொஞ்சம் திருப்பி. முட்டி வலிக்குது, ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன், அவரை நேரத்துக்குச் சாப்புடச் சொல்லுங்க என்று சொன்னதாகச் சொல்லுங்கள். அதனால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

சொல்லுங்களேன்.